கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டிலேயே ஸ்டென்சில் சட்டை: மலையில் இருப்பவர்களுக்கான செய்முறை

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குன்னூர் வீட்டில் சாப்பாட்டு மேசை எனக்கு வந்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து அக்கா குடும்பம், மதுரையிலிருந்து சித்தப்பா குடும்பம் எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு மேலே வருவார்கள், எல்லோருக்கும் ஒரே படம் போட்ட சட்டை இருக்க வேண்டும், அதை ஸ்டென்சிலும் (படத்தின் வடிவில் ஓட்டை வெட்டிய ஷீட்) ஃபேப்ரிக் பெயின்ட்டும் (துணியில் அடிக்கிற சாயம்) வைத்து வீட்டிலேயே நான் அடித்துக்கொடுப்பேன். கடையில் கொடுத்தால் ஒரே நாளில் அச்சடித்துத் தருவார்கள், தெரியும். ஆனால் தாத்தா சட்டையில் 'தாத்தா' என்றும் அக்காவின் சின்ன மகள் சட்டையில் 'பாப்பா' என்றும் கையால் எழுதிக்கொடுக்கும்போது அவர்கள் முகத்தில் வருகிற சந்தோஷம் கடைச் சட்டைக்கு வராது. அதற்காகத்தான் ஒவ்வொரு வருஷமும் செய்கிறேன்.

இதற்கான செய்முறைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவை சமவெளியில் இருப்பவர்கள் எழுதியவை. 'ஒரு மணி நேரம் காயவிடுங்கள், இஸ்திரி போடுங்கள், முடிந்தது' என்று இருக்கும். சென்னையில் அது சரி. எங்கள் பக்கம் டிசம்பரில் நடக்காது. வடகிழக்குப் பருவமழை நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் அதிகம் பெய்யும், மழை விட்டாலும் மூடுபனி விடாது, கொடியில் போட்ட துண்டே மூன்று நாள் ஈரமாகத் தொங்கும். நான் முதல் வருஷம் 23-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்து அடித்து, தொட்டுப்பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பி, காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மேலே போட்ட ஸ்வெட்டரின் உள்பக்கம் முழுக்கச் சாயம் ஒட்டியது. முதல் துவைப்பில் படத்தின் பாதி செதில் செதிலாக உதிர்ந்துபோனது. அப்பாவுக்காகப் பார்த்துப் பார்த்து வெட்டிய படம் அது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொண்ட பிறகு ஒருமுறைகூட உதிரவில்லை. ஃபேப்ரிக் பெயின்ட் என்பது நிறப்பொடியும், அக்ரிலிக் பிசின் துகள்களும், தண்ணீரும் கலந்தது. தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, உருகி ஒட்டியதுபோல ஒரே படலமாகிவிடும், அந்தப் படலம்தான் நூலைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துகள்கள் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சூடு வேண்டும். சுமார் பத்து டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் போய்விடும், ஆனால் துகள்கள் சேராது, தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும், உள்ளே மாவு மாதிரி பலமில்லாமல் கிடக்கும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனியே விழுகிறது, தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். கொடைக்கானலிலும் ராத்திரி அதே குளிர்தான். அந்தக் குளிரில் வராந்தாவில் தொங்கவிட்ட சட்டை எப்படிப் பிடிக்கும்?

அதனால் முதலில் நாளைக் கணக்குப் போடுங்கள். 25-ஆம் தேதி போட வேண்டும் என்றால் 10-ஆம் தேதிக்குள் துணி துவைத்துக் காய்ந்திருக்க வேண்டும், 15-க்குள் சாயம் அடித்து முடித்திருக்க வேண்டும். பொங்கலுக்கு என்றாலும் இதே கணக்குதான், புத்தாண்டுக்கு முன்பே துணியைத் துவைத்துக் காயவைத்துவிட்டு, புத்தாண்டு முடிந்ததும் சாயம் அடிக்க உட்கார்ந்துவிடுங்கள்.

துணி

நூறு சதவீதப் பருத்தி வாங்குங்கள். திருப்பூர் பனியன் துணியில் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று கேட்டால் கொஞ்சம் கனமாக, நெருக்கமான பின்னலோடு வரும், சாயம் பின்பக்கம் இறங்காது. கடைக்காரர் 'காட்டன்தான்' என்று சொல்லிக் கலப்புத் துணி கொடுத்துவிட்டாரோ என்று சந்தேகமாக இருந்தால், உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான சின்ன மணியாகும். கலப்புத் துணியில் அடிக்கவே கூடாது என்றில்லை, ஆனால் நல்ல சூடு வைத்து இஸ்திரி போட முடியாது, அதனால் பிடிமானம் குறையும்.

இன்னொரு விஷயம், மலையில் டிசம்பரில் வெறும் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு யாரும் வெளியே போவதில்லை. எவ்வளவு அழகாக அடித்தாலும் ஸ்வெட்டருக்குள் மறைந்துவிடும். நான் மூன்றாவது வருஷத்திலிருந்து முழுக்கை ஸ்வெட்ஷர்ட்டுக்கு மாறிவிட்டேன். உள்பக்கம் பஞ்சு மாதிரி இருந்தாலும் வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கிற துணியாகப் பார்த்து எடுங்கள். இரண்டு பக்கமும் ரோமம் மாதிரி எழும்பி நிற்கிற துணி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. சாயம் நுனியில் மட்டும் நிற்கும், ஓரம் கூராக வராது.

வாங்கியதும் ஒருமுறை துவைத்தே ஆக வேண்டும். புதுத்துணியில் கஞ்சியோ ஏதாவது பூச்சோ இருக்கும், அதன் மேல் அடித்தால் சாயம் நூலைத் தொடாது. சோப்புத்தூள் போதும், வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கம்ஃபர்ட் மாதிரி திரவம் வேண்டாம், அதுவும் ஒரு வழுக்கலான பூச்சைத்தான் விட்டுப்போகும். துவைப்பதில் இன்னொரு லாபம், சுருங்க வேண்டிய துணி இப்போதே சுருங்கிவிடும். அடித்த பிறகு சுருங்கினால் படம் சுருக்கம் விழுந்துபோகும்.

படம்

முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது வரையாடு. நம் மாநில விலங்கு, நம் மலையில் வாழ்வது, 'வரை' என்றாலே மலைதான். நீலகிரியில் முக்குருத்தி தேசியப் பூங்கா பக்கம் பாறை விளிம்பில் அது நிற்கிற நிலையைப் பார்த்திருந்தால் தெரியும், பக்கவாட்டில் அப்படியே நிழலுருவமாக வெட்டிவிடலாம். பின்னால் வளைந்த கொம்பு, குட்டை வால், ஒரு பாறை, அதற்கு மேலே ஒரு நட்சத்திரம், கிறிஸ்துமஸ் சட்டை ஆகிவிட்டது. வயதான கடாவுக்கு முதுகில் சேணம் போட்டதுபோல ஒரு வெளிர் சாம்பல் திட்டு இருக்கும், அதற்கு இரண்டாவதாக ஒரு சின்ன ஸ்டென்சில் வெட்டி வெளிர் நிறத்தில் அடித்தால் படம் உயிரோடு நிற்கும். பொங்கலுக்கு என்றால் நட்சத்திரத்துக்குப் பதில் சூரியன்.

நீலகிரி மலை ரயிலை அடிக்க எல்லோருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. ஆனால் நீராவி எஞ்சினில் சின்னச் சின்ன பாகங்கள் அதிகம், முதல் முயற்சியிலேயே அதைத் தொட்டால் கை சலித்துவிடும். அதற்குப் பதில் நான் செய்வதைச் சொல்கிறேன். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்றில் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி தள்ளி வைத்திருப்பார்கள், எஞ்சினின் பல்சக்கரம் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக. 1899-ல் ரயில் குன்னூருக்கு வந்ததே அந்தப் பற்களைப் பிடித்து ஏறித்தான். அந்த இரண்டு வரிசைப் பற்களை அப்படியே சட்டையின் கீழ் ஓரத்திலோ கையின் விளிம்பிலோ பார்டராக அடியுங்கள். பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு ஸ்டென்சில் வெட்டினால் போதும், நகர்த்தி நகர்த்தி அடித்துக்கொண்டே போகலாம். தெரிந்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குறிஞ்சியும் நல்ல படம். சின்ன மணி மாதிரிப் பூக்கள் கொத்தாக வரும், ஒரே பூவை வெட்டிவைத்துக்கொண்டு நெருக்கி நெருக்கி அடித்தால் ஒரு கொத்து. நீலத்தில் கொஞ்சம் ரோஜா நிறமும் வெள்ளையும் கலந்தால் அந்த ஊதா கிடைக்கும். 2018-ல் பூத்தது, பன்னிரண்டு வருஷம் கணக்குப் போட்டால் அடுத்தது 2030.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். நீலகிரிப் பழங்குடிகளான தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் எம்பிராய்டரி வடிவங்களை ஸ்டென்சிலாக வெட்டி அடிக்க வேண்டாம். பார்க்கக் கோடும் கட்டமுமாக இருப்பதால் ஸ்டென்சிலுக்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அது துணியின் நூல்களை எண்ணி எண்ணிக் கையால் போடுகிற வேலை, அவர்கள் போர்த்திக்கொள்கிற போர்வையில் வருகிற வடிவம், 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பிடித்திருந்தால் அவர்களிடமே வாங்குங்கள். நமக்கு ஆடும் நட்சத்திரமும் இருக்கிறதே.

ஸ்டென்சில் வெட்டுவது

அதிகம் வெட்டுப்படாத பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான் எனக்குப் பிடித்தது. எல்லார் வீட்டிலும் அலமாரி மேல் ஒன்றிரண்டு கிடக்கும், கெட்டியாக இருக்கும், கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் ஓஎச்பி ஷீட், அதாவது ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாள். படத்தைக் காகிதத்தில் வரைந்து, ஃபிலிமின் அடியில் ஒட்டி, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் படும்படி வைத்து, மார்க்கரில் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் சட்டைக்குப் படம் இருபதிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டர் அகலம், சின்னப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பதினைந்து போதும். படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது மூன்று விரல் அகலம் ஃபிலிம் மிச்சம் இருக்கட்டும், இல்லையென்றால் தட்டும்போது சாயம் ஓரம் தாண்டித் துணியில் விழும்.

வெட்ட, பிளேடை ஒடித்து ஒடித்துப் புதுமுனை எடுக்கிற கட்டர் போதும். அடியில் கெட்டி அட்டை. சின்ன ஓட்டைகளை முதலில் வெட்டுங்கள், பெரியவற்றைக் கடைசியில், ஏனென்றால் பெரிய ஓட்டை விழுந்துவிட்டால் ஷீட் தொளதொளவென்று ஆடும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாதீர்கள், கத்தி பிடித்த கை அப்படியே இருக்க மற்றக் கையால் ஷீட்டைத் திருப்புங்கள். கொம்பின் வளைவு வழுவழுப்பாக வருவது இதனால்தான். ஷீட்டைப் பிடிக்கிற விரல் எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும். வெட்டவே வராது என்று நினைப்பவர்கள், வண்டி நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டிக்கொடுக்கிற கடையில் படத்தைக் கொடுத்தால் மெஷினில் ஸ்டிக்கர் ஷீட்டாகவே வெட்டித் தருவார்கள். அது துணியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஓரம் மிகச் சுத்தமாக வரும், ஒன்றிரண்டு சட்டைக்கு மேல் வராது, அவ்வளவுதான்.

அடுத்தது எழுத்து. இங்கேதான் தமிழில் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வோம். 'பாப்பா' என்று எழுதுவது எளிது, ப-விலும் காலிலும் மூடிய இடம் எதுவும் இல்லை, வெட்டினால் எழுத்து அப்படியே வரும். 'மாமா' என்று வெட்டிப்பாருங்கள், ம-வின் வயிற்றுக்குள் இருக்கிற துண்டு கையோடு வந்துவிடும், அடித்தால் ம-வுக்குப் பதில் ஒரு கட்டி. க, த, ன, ண, அ, கொம்பு, இரட்டைச் சுழி எல்லாவற்றிலும் இதே கதைதான். அந்த உள்துண்டை வெளியே இருக்கிற ஷீட்டோடு இணைக்க ஒரு சின்னப் பாலம் விட வேண்டும், மூன்று மில்லிமீட்டராவது அகலம் இருக்க வேண்டும், அதைவிட மெலிதாக விட்டால் இரண்டாவது சட்டையிலேயே அறுந்துவிடும். பாலம் விட்ட இடத்தில் எழுத்து விட்டுத் தெரியும், காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் நிரப்பிவிடலாம். நிரப்பாமல் விட்டாலும் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது, அரிசி மூட்டையில் அடித்த எழுத்து மாதிரி.

பாலமே வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது, பெயர்களுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். ஜெராக்ஸ் கடையில் ஏ4 பேப்பர் கட்டு சுற்றி வருகிற உறையைக் கேட்டு வாங்கிவாருங்கள், அவர்களுக்கு அது குப்பை. சில உறைகளில் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு வழவழவென்று இருக்கும். அந்தப் பக்கம் துணியில் படும்படி வைத்து, மிதமான சூட்டில் ஆவி இல்லாமல் ஐந்தாறு வினாடி இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் துணியில் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தால் தடமில்லாமல் வந்துவிடும். எழுத்தை வெட்டி முதலில் வெளிச் சட்டத்தை ஒட்டுங்கள், பிறகு ம-வின் வயிற்றுத் துண்டைத் தனியாக எடுத்து அதன் இடத்தில் வைத்து ஒட்டுங்கள். பாலமே தேவையில்லை. எல்லா உறையிலும் இந்தப் பூச்சு இருக்காது, முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கிற உறை இஸ்திரிப் பெட்டியிலேயே உருகி ஒட்டிவிடும், அதனால் ஒரு விரல் அளவுத் துண்டைப் பழைய துணியில் வைத்துச் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அடிப்பது

சட்டைக்குள் ஒரு கெட்டி அட்டையை நுழைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாயம் முதுகுப் பக்கமும் இறங்கும். துணி இழுபடாமல் சமமாகப் படிந்திருக்க வேண்டும், இழுத்துக் கட்டி அடித்தால் விட்டதும் ஆடு ஒல்லியாகிவிடும். சட்டையை நீளவாக்கில் பாதியாக மடித்து ஒரு கோடு விழச்செய்து நடுவைக் கண்டுபிடியுங்கள். கழுத்துப் பட்டியிலிருந்து பெரியவர்களுக்கு நான்கு விரல், குழந்தைகளுக்கு இரண்டு விரல் கீழே படம் தொடங்கட்டும். ஸ்டென்சிலை மாஸ்கிங் டேப் போட்டு நான்கு பக்கமும் ஒட்டுங்கள். நடுவில் மெல்லிய பகுதி எழும்பி நின்றால் அதன் அடியில் க்ளூ ஸ்டிக்கை லேசாகத் தடவி, அரை நிமிடம் காயவிட்டு, பிறகு வையுங்கள்.

சாயம் பாட்டிலிலிருந்து நேராக எடுங்கள், தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்காதீர்கள். தண்ணீர் சேர்த்தால் துணி நூல் வழியாக ஸ்டென்சிலுக்கு அடியில் ஊறிப்போய் ஓரம் ரோமம் ரோமமாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் மஞ்சள் பகுதியைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், நிறத்துக்கு ஒன்று. ஒரு பீங்கான் தட்டில் கொஞ்சம் சாயம் விட்டு, ஸ்பாஞ்சை அதில் தொட்டு, தொட்ட கையோடு பழைய செய்தித்தாளில் நான்கு தட்டு தட்டுங்கள். சாயம் பெரும்பகுதி செய்தித்தாளுக்கே போய்விடுகிறதே என்று மனசு கேட்காது, எனக்கும் ஆரம்பத்தில் கேட்கவில்லை. ஆனால் ஸ்பாஞ்ச் ஏறக்குறைய உலர்ந்தது போல் இருக்கும்போதுதான் ஓரம் கத்தி மாதிரி விழும். மேலிருந்து கீழே செங்குத்தாகத் தட்ட வேண்டும், சுவருக்குப் பெயின்ட் அடிப்பதுபோல இழுக்கவே கூடாது. ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள்.

முதல் பூச்சில் துணி தெரியும், திட்டுத் திட்டாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே பூச்சில் மூட நினைத்துத் தடிமனாகப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, மலையில் அது இரட்டைத் தப்பு, ஏனென்றால் தடிமனான பூச்சு மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே நிற்கும். மெல்லிய பூச்சு ஒன்று, ஹேர் ட்ரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து மிதமான காற்றில் நான்கைந்து நிமிடம், அப்புறம் இன்னொரு மெல்லிய பூச்சு. வெளிர் நிறத் துணிக்கு இரண்டு போதும். கரும்பச்சை, கருநீலம், மெரூன் மாதிரி துணி என்றால் முதலில் வெள்ளையை இரண்டு பூச்சு அடித்து, அது காய்ந்த பிறகு அதே ஸ்டென்சிலை அசைக்காமல் மேலே வேண்டிய நிறம். சாதாரண நிறங்கள் கருந்துணியில் நேராக அடித்தால் அமுங்கிப்போகும்.

கடைசிப் பூச்சு முடிந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்து, ஸ்டென்சிலை ஒரு மூலையிலிருந்து மேல்நோக்கி நேராகத் தூக்குங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு தூக்கினால் ஓரத்தில் படலம் கிழியும், சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது தூக்கினால் சிந்தும். தூக்கியதும் ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த சட்டையில் வைக்க வேண்டும், அங்கே துளி சாயம் இருந்தால் அது அடுத்த சட்டையில் கறைதான். உண்மையான சட்டைக்கு முன்னால் ஒரு பழைய தலையணை உறையில் முழுதாக ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள், கை பழகிவிடும்.

எங்கேயாவது ஒரு சொட்டு விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள். ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள், மிச்சம் தெரிந்தால் காய்ந்த பிறகு அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம். எங்கள் சித்தப்பா சட்டையில் ஒரு வருஷம் மூன்று நட்சத்திரம் இருந்தது, அவருக்கு அதுதான் ரொம்பப் பிடித்துப்போனது.

குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். அவர்களுக்கு ஸ்டென்சில், கத்தி எதுவும் வேண்டாம். நம் ஊரில் உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் பஞ்சமா? கிழங்கைப் பாதியாக வெட்டி நட்சத்திரமாக நீங்கள் செதுக்கிக் கொடுங்கள், கேரட்டின் வெட்டிய முனை பனித்துளி மாதிரி வட்டமாக விழும். வெட்டிய முகத்தைப் பழைய துணியில் அழுத்தி ஈரத்தை நன்றாக எடுத்துவிட்டுத்தான் சாயம் தொட வேண்டும், கிழங்குத் தண்ணீர் கலந்தால் மேலே சொன்ன கதைதான்.

காயவைப்பது

வெயில் வருகிற நாளாக இருந்தால் காலை பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி வரை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ சட்டையைப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். மலை வெயில் சுள்ளென்று இருக்கும், அந்த மூன்று மணி நேரம் பெரிய உதவி. மூன்று மணிக்கு மூடுபனி ஏறத் தொடங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வெயில் வராத நாளில் வீட்டிலேயே எந்த இடம் கதகதப்போ அங்கே, பெரும்பாலான வீடுகளில் அது சமையலறைதான். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், எண்ணெய்ப் புகை படியும். எதிர்ச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கணப்பு மூட்டுகிற வீடு என்றால் அந்த அறை நல்லது, ஆனால் நெருப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, பொறி பறக்காத மூலையில். ஹீட்டருக்கும் இதே எச்சரிக்கை. ராத்திரி எந்தக் காரணத்துக்காகவும் வராந்தாவில் விடாதீர்கள்.

பாட்டிலில் இருபத்து நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தால் நான் மூன்று நாள் விடுகிறேன். மழை விடாத வாரத்தில் ஐந்து நாள். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள விரலால் தொடுவது போதாது, புறங்கையை ஒரு நிமிடம் படத்தின் மேல் வையுங்கள். பக்கத்துத் துணியைவிடப் படம் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இஸ்திரிக்குப் போகலாம்.

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, படத்தின் பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள். பருத்திக்கான சூடு, ஆவி அடைத்திருக்க வேண்டும், தண்ணீர் தெளிக்கவே கூடாது. ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து வினாடி, பிறகு அடுத்த இடம், இப்படிப் படம் முழுக்க மொத்தம் நான்கைந்து நிமிடம். பிறகு திருப்பி, படத்தின் மேல் மெல்லிய வேட்டித் துணி ஒன்றைப் போட்டு மேலிருந்தும் இரண்டு நிமிடம். இந்தச் சூட்டில்தான் குளிரில் சரியாகச் சேராமல் விட்டுப்போன பிசினும் இளகி நூலோடு பிடித்துக்கொள்கிறது. இஸ்திரிக் கடையில் கொடுக்கிறவர்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம், பின்பக்கம் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் கை பழக்கத்தில் தெளித்துவிடும்.

முதல் துவைப்புக்கு இஸ்திரி போட்டதிலிருந்து ஒரு வாரம் பொறுங்கள். திருப்பிப் போட்டு, பச்சைத் தண்ணீரில், கையால் கசக்கி. துவைக்கிற கல்லில் அடிப்பதும் படத்தின் மேல் பிரஷ் போடுவதும் வேண்டாம், ப்ளீச் வேண்டவே வேண்டாம். இப்படிப் பார்த்துக்கொண்டதில் நான்கு வருஷத்துக்கு முந்தைய சட்டையை அப்பா இன்னும் காலை நடைக்குப் போட்டுக்கொண்டு போகிறார், கொம்பில் ஒரு விரிசல்கூட இல்லை.

ஸ்பாஞ்சையும் தட்டையும் குழாயடியில் அப்படியே கழுவிவிடாதீர்கள். முதலில் செய்தித்தாளில் எவ்வளவு துடைக்க முடியுமோ துடைத்து, அந்தக் காகிதத்தைக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். மிச்சத்தை ஒரு பழைய வாளித் தண்ணீரில் அலசி, அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரை வடித்து, வண்டலையும் காயவைத்துக் குப்பைக்கே அனுப்புங்கள். அந்தப் பிசினும் பிளாஸ்டிக்தான், இங்கே சாக்கடையில் விட்டது ஓடை வழியாகப் பவானிக்குப் போகும், கீழே அதைத்தான் குடிக்கிறார்கள்.

ஸ்டென்சிலைக் கழுவித் துடைத்து, மூலையில் யார் சைஸ் என்று எழுதி, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து மெத்தைக்கு அடியில் போட்டுவிடுங்கள், வளையாமல் இருக்கும். மிச்சச் சாயப் பாட்டில்களை வெளியே ஷெட்டில் வைக்க வேண்டாம். ஒருமுறை உறைந்தால் உள்ளே தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும், எவ்வளவு குலுக்கினாலும் திரும்பாது. மூடியை இறுக்கி, ஒரு டப்பாவில் போட்டு, துணி அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.